பாண்டியன் சபையில் வக்கீல் இல்லை

சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதை என்று ஒரு பகுதி இருக்கிறது. பெயரிலேயே வழக்கு. ஆனால் கவனித்துப் பாருங்கள், அதில் வக்கீலே கிடையாது.

வாதி, கண்ணகி. சொந்த ஊர் காவிரிப்பூம்பட்டினம். இன்றைய கணக்கில் மயிலாடுதுறை மாவட்டம், சீர்காழி தாலுகா. பிரதிவாதி, பாண்டிய அரசாங்கம். விசாரிப்பவரும் அதே பாண்டியன்தான். தன் சிலம்பில் இருப்பது மாணிக்கப் பரல் என்கிறாள் கண்ணகி. அரண்மனைச் சிலம்பில் இருப்பது முத்துப் பரல் என்று அரசன் மறைக்காமல் சொல்கிறான். அதோடு விட்டானா? கோவலனிடம் கைப்பற்றிய சிலம்பைக் கொண்டுவரச் சொல்லி அவள் முன்னால் வைக்கிறான். அவள் உடைக்கிறாள். மாணிக்கம் தெறிக்கிறது. தவறு தன்னுடையதுதான் என்று சபையிலேயே ஒப்புக்கொண்டு உயிரை விடுகிறான். ஒரே ஹியரிங். வாய்தா இல்லை.

ஒரு பேச்சுக்கு, பாண்டியன் பக்கத்தில் விவரமான ஓர் அரசு வக்கீல் நின்றிருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"மன்னா, என்ன பரல் என்று நீங்களாக வாயைத் திறக்காதீர்கள்" என்று முதலில் காதோரம் சொல்லியிருப்பார். பிறகு எழுந்து நின்று வரிசையாக அடுக்கியிருப்பார். மனுதாரர் முறைப்படி இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்கவில்லை. அவர் சோழ நாட்டுப் பிரஜை, இந்தச் சபையில் வழக்குப் போட உரிமை இல்லை. பொய் சொன்னது பொற்கொல்லர், அவரை ஏன் பிரதிவாதியாகச் சேர்க்கவில்லை? திருடனைத் தண்டிப்பது அரசின் இறையாண்மைச் செயல், அதற்கு நஷ்ட ஈடு கேட்க முடியாது. சிலம்பைச் சபையில் காட்டுவது பொது நலனுக்கு உகந்ததல்ல. பதில் மனுவுக்கு எட்டு வாரம் அவகாசம் வேண்டும்.

மதுரை எரிந்திருக்காது. அந்த மட்டில் நல்லதுதான். ஆனால் கண்ணகிக்குத் தலை நரைத்திருக்கும்.

வேடிக்கைக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஏறக்குறைய இதே வழக்கு நம் நாட்டில் நடந்திருக்கிறது. 1947 செப்டம்பரில் அமிர்தசரஸ் நகை வியாபாரி ஒருவர் தங்கமும் வெள்ளியும் எடுத்துக்கொண்டு விற்பதற்காக மீரட் நகருக்கு வந்தார். ராத்திரி நேரம். போலீஸ் பிடித்தது. திருட்டுச் சொத்தாக இருக்குமோ என்று சந்தேகம். கோவலன் ஞாபகம் வருகிறதல்லவா? இவருக்குத் தலை தப்பியது. ஜாமீனில் வெளியே வந்தார். வெள்ளி திரும்பக் கிடைத்தது. 103 தோலாவுக்கு மேல் இருந்த தங்கம் கிடைக்கவில்லை. ஸ்டேஷனில் அதற்குப் பொறுப்பாக இருந்த ஹெட் கான்ஸ்டபிள் தங்கத்தோடு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார்.

வியாபாரியின் கம்பெனி வழக்குப் போட்டது. கஸ்தூரிலால் வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். போலீசார் அஜாக்கிரதையாக இருந்தார்கள் என்பதை சுப்ரீம் கோர்ட்டே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் 1964ல் வந்த தீர்ப்பு அரசுக்குச் சாதகம். கைது செய்வதும் பறிமுதல் செய்வதும் இறையாண்மை அதிகாரங்கள். அவற்றைச் செலுத்தும்போது ஊழியர் செய்த தவறுக்கு அரசு நஷ்ட ஈடு தர வேண்டியதில்லை. தீர்ப்பு எழுதிய நீதிபதிகளுக்கே மனம் ஒப்பவில்லை. இந்த நிலையை மாற்றச் சட்டமன்றங்கள் யோசிக்க வேண்டும் என்று சேர்த்து எழுதினார்கள். பின்னால் 1994ல் நாகேந்திர ராவ் வழக்கில் அதே கோர்ட் இந்த வாதத்தின் பல்லைப் பெருமளவு பிடுங்கியது.

போகட்டும். என் கேள்வி தீர்ப்பைப் பற்றியது இல்லை, வக்கீலைப் பற்றியது. தங்கத்தை எடுத்தது அரசு ஊழியர். அதைத் திருப்பித் தர வேண்டாம் என்று வாதாடி ஜெயித்தது அரசு வக்கீல். அவர் தன் கடமையைச் செய்தாரா, இல்லையா?

"செய்தார். கட்சிக்காரருக்காக வாதாடுவதுதான் வக்கீலின் வேலை" என்பீர்கள். சரிதான். கொலைகாரனுக்கும் வக்கீல் உண்டு. தனி மனிதனுக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். அரசுக்கும் நகராட்சிக்கும் பஞ்சாயத்துக்கும் இது சரியாக வருமா? அங்கே கட்சிக்காரர் யார் என்பதே பிரச்னை. வக்காலத்தில் கையெழுத்துப் போட்ட கமிஷனரா? தீர்மானம் போட்ட நகர்மன்றமா? அல்லது வரி கட்டும் ஊர் ஜனங்களா? ஜனங்கள்தான் என்றால், எதிரில் வழக்குப் போட்டு நிற்பவரும் அவர்களில் ஒருவர் ஆயிற்றே. ஒரு கம்பெனியின் பங்குதாரர் கம்பெனி மேல் வழக்குப் போட்டு, கம்பெனி அவர் பணத்திலேயே வக்கீல் வைத்து அவரை மடக்குகிற மாதிரி இல்லையா இது?

கொஞ்சம் இறங்கி வந்து தெருவில் நின்று பார்க்கலாம்.

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது ஞாபகம் இருக்கும். நூறு வருஷத்துக்கும் மேல் காணாத மழை என்றார்கள். சீர்காழிக்குப் பன்னிரண்டு பெயர்கள் உண்டு. அதில் ஒன்று தோணிபுரம்; பிரளயத்தில் மிதந்த ஊர் என்பது புராணம். அந்த நவம்பரில் வயலும் தெருவும் ஒரே தண்ணீர்.

சீர்காழி மாதிரி டெல்டாவில் ஏதோ ஒரு ஊரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தெருவில் முழங்கால் தண்ணீர். ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் பால் வாங்கப் போகிறார். சாக்கடை மேலே இருக்க வேண்டிய சிமென்ட் மூடி ஆறு மாதமாக இல்லை. வார்டுக்காரர்கள் இரண்டு முறை மனு கொடுத்திருக்கிறார்கள். தண்ணீரில் பள்ளம் தெரியாமல் கால் வைக்கிறார். இடுப்பு எலும்பு முறிகிறது. ஆஸ்பத்திரிச் செலவு ஒன்றரை லட்சம். நகராட்சிக்கு நோட்டீஸ் அனுப்புகிறார். பதில் இல்லை. வழக்குப் போடுகிறார்.

நகராட்சி வக்கீல் பதில் மனு தயார் செய்கிறார். அதில் என்ன இருக்கும் என்று உங்களால் யூகிக்க முடியும். அந்தச் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. வந்த மழை கடவுளின் செயல். வாதி பார்த்து நடந்திருக்க வேண்டும். மூடி இல்லை என்பதை வாதி கண்டிப்பாக நிரூபிக்க வேண்டும். நகராட்சியில் நிதி இல்லை.

குளக்கரையில் அழுத குழந்தைக்கு அம்பாளே வந்து பால் கொடுத்தாள் என்பது சீர்காழியின் கதை. ஞானசம்பந்தர் வரலாறே அங்கிருந்துதான் தொடங்குகிறது. அழுத பிள்ளைக்குப் பால் என்பது பழமொழி. நம் ஆபீஸ்களில் அழுத பிள்ளைக்குப் பதில் மனு.

நிதி இல்லை என்ற வாதம் இருக்கிறதே, அது எங்கே போய் முட்டியது என்று சொல்ல வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் ரட்லம் என்ற ஊர். ஒரு வார்டில் சாக்கடை கிடையாது, கழிப்பிடம் கிடையாது. சாராய ஆலைக் கழிவு தெருவில் ஓடுகிறது. மக்கள் மாஜிஸ்ட்ரேட்டிடம் போனார்கள். சாக்கடை கட்டு என்று உத்தரவு. நகராட்சி கட்டியதா? மேலே மேலே போய் சுப்ரீம் கோர்ட் வரை வழக்காடியது. அதன் வாதங்களில் இரண்டு முக்கியம். ஒன்று, கையில் காசில்லை. இன்னொன்று, இந்த ஜனங்கள் அசுத்தமான இடம் என்று தெரிந்தேதானே இங்கே குடி வந்தார்கள்!

1980ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பு சொன்னார். காசில்லை என்பது அடிப்படைக் கடமையிலிருந்து தப்பிக்கும் வழியாகாது என்று சொல்லி, வேலையை முடிக்கக் கெடுவும் வைத்தார். அதே நீதிபதி 1973ல் ஒரு ரயில்வே ஊழியர் வழக்கில், அரசாங்கம் எப்படியாவது ஜெயித்துவிடத் துடிக்கும் தனியார் கட்சிக்காரர் மாதிரி நடந்துகொள்ளக் கூடாது என்று எழுதியிருந்தார். இதைச் சொல்லி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

சரி, அப்படியானால் நகராட்சி வக்கீல் எல்லா வழக்கிலும் "ஆமாம் சாமி, தப்புதான்" என்று சொல்லிவிட்டு வரலாமா?

அங்கேதான் சிக்கல். டீச்சர் வழக்கு நடக்கும் அதே கோர்ட்டில், அதே வக்கீலிடம் இன்னொரு கட்டும் இருக்கிறது. ஊரின் பெரும்புள்ளி ஒருவர் வடிகால் வாய்க்காலை வளைத்து மூன்று மாடி கட்டியிருக்கிறார். இடிக்க நோட்டீஸ் போனதும் கோர்ட்டுக்குப் போய்த் தடையாணை வாங்கிவிட்டார். இங்கே நகராட்சிப் பக்கம் பார்த்தால் சத்தமே இல்லை. பதில் மனு நாலு வருஷமாக வரவில்லை. சர்வே வரைபடம் தாக்கல் ஆகவில்லை. ஒரு நாள் யாரும் ஆஜராகாமல் வழக்கு ஒருதலையாக முடிந்துபோகிறது. மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் டீச்சர் தெருவில் நின்றதற்குக் காரணம் அந்த மூன்று மாடி.

விட்டுக்கொடுப்பதுதான் தர்மம் என்று பொதுவாக ஒரு விதி போட்டால் முதலில் சந்தோஷப்படுகிறவர் இந்தப் பெரும்புள்ளிதான். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007லேயே தனிச் சட்டம் வந்தது. 2011ல் ஜக்பால் சிங் வழக்கில் ஊர்ப் பொது நிலங்களை மீட்கச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டது சுப்ரீம் கோர்ட். அவற்றை நடத்திக்காட்டக் கோர்ட்டில் ஒரு குரல் வேண்டும். எளியவரிடம் சிங்கமாகவும் வலியவரிடம் பூனையாகவும் இருக்கும் குரலால் என்ன பிரயோஜனம்?

ஏன் இப்படி ஆகிறது? எல்லாரும் லஞ்சம் வாங்குகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது பாதி உண்மைகூட இல்லை. பி.காம் படித்தவன் கண்ணுக்கு வேறொன்று தெரிகிறது. டீச்சருக்கு ஒன்றரை லட்சம் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்றால் யாராவது ஒருவர் ஃபைலில் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு ஆடிட்டில் கேள்வி வரும். "கோர்ட் உத்தரவு இல்லாமல் எதற்குக் கொடுத்தாய்? டீச்சர் உனக்குச் சொந்தமா?" பத்து வருஷம் வழக்காடித் தோற்று, வட்டியும் செலவுத் தொகையும் சேர்த்து நாலு லட்சம் கட்டினால்? யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். கோர்ட் உத்தரவு இருக்கிறதே! தோற்பதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. கொடுப்பதற்குத்தான் கையெழுத்து வேண்டும்.

இந்த நோயை சுப்ரீம் கோர்ட் நன்றாகவே கண்டுபிடித்திருக்கிறது. 2020ல் மத்தியப் பிரதேச அரசு 663 நாள் தாமதமாக ஒரு அப்பீல் கொண்டுவந்தது. தள்ளுபடி செய்து 25,000 ரூபாய் அபராதமும் போட்ட நீதிபதிகள், இவை 'சான்றிதழ் வழக்குகள்' என்றார்கள். ஜெயிப்பதற்காகப் போடுகிற வழக்குகள் இல்லையாம். "சுப்ரீம் கோர்ட்டே தள்ளுபடி செய்துவிட்டது, இனி நாங்கள் என்ன செய்ய?" என்று ஃபைலை மூட ஒரு சான்றிதழ் வேண்டும். அதற்காகவே டெல்லி வரை ஒரு பயணம். 2010ல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய வழக்குக் கொள்கையிலும், கோர்ட்டே முடிவு செய்யட்டும் என்று தள்ளிவிடும் பழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பழக்கம் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

ஆகவே நகராட்சி வக்கீலை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. சின்ன ஊர்களில் அவருக்கு வரும் ஃபீஸ் சொற்பம், அதுவும் நேரத்துக்கு வராது. ஃபைல் அவர் கைக்கு வருவது வாய்தாவுக்கு முந்தின நாள் சாயங்காலம். உண்மை என்ன என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. தெரியாதபோது எல்லாவற்றையும் மறுத்துவைப்பதுதான் பத்திரம் என்று அவருக்கு சீனியர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

கிரிமினல் வழக்கு நடத்தும் அரசு வக்கீலுக்கு பார் கவுன்சில் விதி தெளிவாக இருக்கிறது. குற்றமற்றவர் தண்டனை பெறும்படி வழக்கு நடத்தக் கூடாது. அவர் நிரபராதி என்று காட்டக்கூடிய சான்றை மறைக்கக் கூடாது. பாண்டியன் சிலம்பைக் கொண்டுவரச் சொன்னானே, அதுதான் இது. சாக்கடையில் விழுந்த டீச்சருக்கு எதிராக நிற்கும் வக்கீலுக்கும் ஏன் அதே விதி பொருந்தக் கூடாது? மூடி இல்லை என்று வார்டுக்காரர்கள் கொடுத்த இரண்டு மனுக்களும் நகராட்சி ஃபைலிலேயே இருக்கின்றன. "நிரூபி" என்று டீச்சரிடம் சொல்வதற்கு எந்தத் தர்மத்தில் இடம் இருக்கிறது?

என்னைக் கேட்டால் ஒரே ஒரு சோதனை வைப்பேன். கோர்ட்டில் எழுதிக் கொடுக்கும் வாதத்தை, சம்பந்தப்பட்டவர் வீட்டு வாசலில் நின்று, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

"டீச்சர், நீங்கள் பார்த்து நடந்திருக்க வேண்டும்" என்று கட்டிலில் கிடக்கும் அவரிடம் நகர்மன்றத் தலைவர் சொல்வாரா? சொல்ல நாக்கு கூசும். அப்படியென்றால் அந்த வாதத்தை எடுத்துவிடுங்கள். "உங்கள் கட்டடம் வாய்க்காலில் நிற்கிறது சார், இடிக்க வேண்டும்" என்று பெரும்புள்ளி வாசலில் சொல்ல முடியுமா? பயம் வரலாம். கூச்சம் வராது. அந்த வாதத்தைக் கடைசி கோர்ட் வரை கொண்டுபோகலாம். டீச்சர் ஒன்றரை லட்சம் செலவுக்கு இருபது லட்சம் கேட்டால், "இது அதிகம் டீச்சர்" என்று சொல்லலாம், அதில் தப்பில்லை. பயத்துக்கும் கூச்சத்துக்கும் உள்ள வித்தியாசம் நம் எல்லாருக்கும் தெரியும். ஃபைலில்தான் அது தெரிவதில்லை.

இந்தச் சோதனையிலும் ஒரு ஓட்டை உண்டு. வாய்க்கால் கரையில் குடிசை போட்டவர்களிடம் "காலி பண்ணு" என்று சொல்ல நம்மில் பலருக்குக் கூச்சமே கிடையாது. ஏனென்றால் நாம் அவர்கள் முகத்தைப் பார்த்தே சொல்வதில்லை. பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், நடைபாதையில் உரிமை கோர மாட்டோம் என்று இவர்கள் ஹைகோர்ட்டில் ஏற்கனவே ஒப்புக்கொண்டவர்கள், இப்போது பேசக் கூடாது என்று ஒரு வாதம் வந்தது. வாழும் உரிமையை யாரும் எழுதிக்கொடுத்து இழக்க முடியாது என்று 1985ல் சுப்ரீம் கோர்ட் அதைத் தள்ளியது. அப்புறப்படுத்தலாம், ஆனால் முதலில் நோட்டீஸ் கொடுத்து அவர்கள் சொல்வதைக் கேள் என்றது. முகத்தைப் பார் என்பதற்குச் சட்ட பாஷை அது.

இந்தப் பக்கத்து மனிதர் ஒருவர் ஞாபகத்துக்கு வருகிறார். வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பார்த்த உத்தியோகம் முன்சீப். சீர்காழியிலும் மாயூரத்திலும் கோர்ட் நடத்தினார். பின்னால் மாயூரம் நகரசபைத் தலைவராகவும் இருந்தார். வழக்கைக் கேட்கும் நாற்காலி, வழக்கை வாங்கிக் கட்டிக்கொள்ளும் நாற்காலி, இரண்டிலும் உட்கார்ந்தவர். தீர்ப்புகளைத் தமிழில் மொழிபெயர்த்து 1862ல் புத்தகம் போட்டார். தமிழ் நீதிபதி முன்னால் தமிழ் வக்கீல் இங்கிலீஷில் வாதாடுவதைத் தன் நாவலில் கண்டித்தார். கட்சிக்காரன் பெயரில் பேசப்படுவது கட்சிக்காரனுக்கே புரிய வேண்டாமா என்பது அவர் ஆதங்கம்.

அதே ஆதங்கத்தை நகராட்சிக்கும் வைத்துப் பாருங்கள். உங்கள் ஊர் நகர்மன்றக் கூட்டத்தில் தெருவிளக்குக்கும் குப்பை வண்டிக்கும் தீர்மானம் வாசிக்கிறார்கள். மாதம் ஒரு தடவை, அந்த ஊரின் பெயரில் கோர்ட்டில் என்ன சொல்லப்பட்டது என்பதையும் தமிழில் வாசிக்கட்டுமே. டீச்சர் வழக்கில் இந்தப் பதில், பெரும்புள்ளி வழக்கில் பதிலே போடவில்லை என்று கவுன்சிலர்கள் முன்னால் வாசித்தால் பாதி வாதங்கள் வெட்கப்பட்டே ஓடிப்போகும். வழக்குக்கு முன்பே வக்கீலிடம் எழுத்தில் கருத்து வாங்கி, சமாதானம் என்றால் மன்றமே தீர்மானம் போடலாம். கையெழுத்து ஒருவர் தலையில் விழாமல் ஊர்க் கையெழுத்தாகிவிடும். ஆடிட்டர் கேட்டால் தீர்மானத்தைக் காட்டலாம்.

அவர்களாகச் செய்ய மாட்டார்களா? 2005லிருந்து தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய் செலவு. என் ஊர் நகராட்சி மேல் எத்தனை வழக்கு, எத்தனை ஜெயித்தது, எத்தனை தோற்றது, எத்தனையில் பதில் மனுவே போடவில்லை, வக்கீல் செலவு எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் பணத்தில், உங்கள் பெயரில் நடக்கும் வழக்குகள். கணக்குக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த வாதங்களுக்கு நீங்களும் பொறுப்பு என்பதையும் மறக்க வேண்டாம்.

அரசு மேல் வழக்குப் போடுமுன் இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80ஆவது பிரிவு சொல்கிறது. நகராட்சிச் சட்டங்களிலும் இப்படி விதிகள் உண்டு. எதற்காக அந்த இரண்டு மாதம்? யோசித்துப் பார்த்து, நியாயம் இருந்தால் கோர்ட்டுக்குப் போகாமலே சரிசெய்துகொள்ளத்தான். பெரும்பாலான நோட்டீஸ்களுக்குப் பதிலே போவதில்லை, போனாலும் மழுப்பல்தான் என்று 2005ல் சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் சுப்ரீம் கோர்ட் வருத்தப்பட்டது.

நம் ஊர்த் தலைவர்கள் பாண்டியனைப் போல உயிரை விட வேண்டாம். அந்த அறுபது நாளுக்குள், முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு பதில் கடிதம் எழுதினால் போதும்.